கொழுப்பில்லாத வால்கொழுப்பு

ஒரு மாவட்டத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் தொடையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று மாகாண நிர்வாகம் கண்டுபிடித்த ஆண்டில்தான் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் நான் வேலையில் சேர்ந்த அன்றே அந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டார்கள். மற்ற மேசைகளில் இருந்தவர்கள் எல்லாம் அனுபவசாலிகள். "இது என் பிரிவு இல்லை" என்று சொல்லத் தெரிந்தவர்கள்.

கஜக் நாட்டின் கோக்பெல் மாவட்ட அலுவலகத்தில் நான் இளநிலை அலுவலர். எங்கள் குடும்பத்தில் ஆட்டுப்பட்டியைத் தாண்டிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால், மேலிடத்திலிருந்து வரும் எதையும் ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன். அப்படிப் படித்ததில் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த திட்டத்தின் முழுப் பெயர் "இடுப்புக்குக் கீழ்ப்பட்ட மேற்பரப்பைச் சமன்படுத்தும் மாபெரும் மக்கள் இயக்கம்" என்று தெரிந்தது.

விஷயம் எளிதானது. பெண்களில் சிலருக்குத் தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் கொழுப்பு திட்டுத்திட்டாகச் சேர்ந்துவிடும். அதனால் மேலே தோல், ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி சின்னச் சின்னக் குழிகளோடு தெரியும். நகரத்து அழகு நிலையங்களில் இதற்கு ஓர் உறிஞ்சும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். குழாயின் முனையில் கிண்ணம் போல ஒரு வாய். அது தோலைக் கவ்வி உள்ளே இழுக்கும். உள்ளே இருக்கும் உருளைகள் இழுத்ததை உருட்டிப் பிசைந்து வெளியே விடும். பணக்காரப் பெண்கள் இதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை ஏழைகளுக்கும் கொண்டுசேர்ப்பதே இயக்கத்தின் நோக்கம்.

"சிலருக்கு இப்படி ஆகும்" என்று நான் எங்கள் நர்ஸ் சலிமா அக்காவுக்கு விளக்கியபோது, அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சிலருக்கா? டேய் மெதெத், எல்லாருக்கும் இருக்குடா. மேடையில ஆடறவளுக்கும் இருக்கு, மாடு கறக்கறவளுக்கும் இருக்கு. அது நோய் இல்லடா, தொடை."

"மாகாணம் அதை ஏத்துக்கலை அக்கா."

"மாகாணத்துக்கும் இருக்கும், பாவாடையைத் தூக்கிப் பாக்கச் சொல்லு."

இந்தக் கருத்தை நான் மேலே அனுப்பவில்லை.

இயக்கத்தின் தலைவி ரௌஷான் சுல்தானொவ்னா. மாகாணத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. கொழுப்பு என்ற ஒன்றை இனி வாயில் வைப்பதில்லை என்று தொலைக்காட்சியில் சபதம் எடுத்தவர். அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் இரண்டு கிழவர்கள் அவருக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். அவருடைய மகள் மோல்திரைத்தான் நான் கட்டிக்கொள்வதாக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. நாங்கள் கல்லூரியில் ஒரே வகுப்பு. எனக்கு வேலை கிடைத்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வேலை போவதற்குத் தொடர்பு இருக்குமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

இயந்திரம் வந்து இறங்கியது. புத்தம்புதியது என்று விழாவில் சொன்னார்கள். அதன் குழாயில் ஓர் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிளாஸ்திரி புதிதாகத்தான் இருந்தது. அதை வைக்கக் காலியான அறை மாவட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் இருந்ததால், கால்நடை மருந்தகத்தின் பின்அறையில் வைத்தோம். வாசலில் நானே பலகை எழுதி மாட்டினேன்: "பெண்கள் இந்தப் பக்கம். மாடுகள் அந்தப் பக்கம்."

மாடுகள் வந்தன.

பெண்கள் வராததால் நானே தெருவில் இறங்கி அழைத்தேன். முதலில் அகப்பட்டவர் பால்காரி கூல்சாரா. கை இரண்டிலும் வாளி.

"என் பின்பக்கத்துல அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்றார்.

"குழி விழுந்திருந்தா சமன்படுத்துவாங்க அக்கா. இலவசம்."

"அப்படியா? எங்க தெரு ரோட்டுல விழுந்திருக்கிற குழியில போன வாரம் எங்க கன்னுக்குட்டி இறங்கி நின்னுச்சு. காது மட்டும்தான் வெளியே தெரிஞ்சுது. அதைச் சமன்படுத்த எவனும் வரலை. என் தொடையில யாரு தடுக்கி விழுந்தா?"

"ரோடு வேற துறை அக்கா."

"என் தொடை எந்தத் துறைடா?"

"எங்க துறை."

அவர் வாளியைக் கீழே வைத்தார். நான் அடுத்த தெருவுக்குப் போனேன்.

ஆண்கள் மட்டும் வந்தார்கள், பின்வாசல் வழியாக, தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டு. எங்கள் பக்கத்தில் சளி பிடித்தால், முதுகு பிடித்துக்கொண்டால், கண்ணாடிக் குப்பிகளைச் சூடாக்கி முதுகில் கவிழ்ப்பது வழக்கம்தான். குப்பி தானாகத் தோலைக் கவ்விக்கொள்ளும். இயந்திரம் அதையே அலுக்காமல் செய்கிறது என்று ஒரு டிராக்டர் ஓட்டுநர் கண்டுபிடித்து நாலு பேரிடம் சொல்லிவிட்டார். முதுகு முழுக்க வட்டவட்டமாகக் கன்றிப்போய், சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். மாவட்டத்தில் முதுகுவலியே குறைந்துபோனது. ஆனால் முதுகு இடுப்புக்கு மேலே இருக்கிறது. இயக்கம் இடுப்புக்குக் கீழே. ஆகவே எங்கள் மாவட்டத்தின் சாதனை பூஜ்யம் என்று மாகாணத்தில் அறிவித்தார்கள்.

அப்போதுதான் ரௌஷான் சுல்தானொவ்னா ஆய்வுக்கு வரப்போகும் செய்தி வந்தது. ஆய்வை முடித்துக்கொண்டு, அதே பயணத்தில், எங்கள் வீட்டில் சம்பந்தத்தையும் பேசி முடிப்பதாக ஏற்பாடு. முறைப்படி பார்த்தால் நாங்கள்தான் முதலில் பெண்வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் ஆய்வு என்றால் அரசாங்க வண்டி. முறை கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டது.

மாவட்டத் தலைவர் ஒராஸ்பாய் என்னைக் கூப்பிட்டார். பெரியவர்களை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களிடம் மரியாதை இல்லை. ஒராகே என்போம். இந்தச் சம்பந்தத்தில் எங்கள் தரப்புக்கு முன்நின்று பேசியவரும் அவர்தான்.

"சமாளிச்சுடலாம், ஒராகே" என்றேன்.

"ஆய்வைச் சமாளிச்சுடலாம்டா. சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கஜக் வீட்டில் ஒரு சம்பந்தம் உறுதியாவது ஒரே ஒரு வாய் உணவில்தான். செம்மறியின் வால்கொழுப்பை வேகவைத்து, ஈரலோடு சேர்த்து நறுக்கி, சம்பந்திகள் ஒருவருக்கொருவர் கையால் ஊட்டிவிட வேண்டும். எங்கள் ஆடுகளுக்குப் பின்னால் தொங்குவதை வால் என்று சொல்வது ஒரு வழக்கம்தான். பார்த்தால் தலையணை. அதிலிருந்து ஒரு துண்டு தொண்டைக்குள் இறங்கிவிட்டால் பிறகு வானமே இடிந்தாலும் பேச்சு மாறக் கூடாது. இறங்கவில்லை என்றால், மோதிரம் போட்டிருந்தாலும் மண்டபம் பார்த்திருந்தாலும், நடந்தது சும்மா ஒரு விருந்து.

மோல்திருக்குப் போன் செய்தேன்.

"உங்க அம்மா ஒரே ஒரு துண்டு சாப்பிட மாட்டாங்களா?"

"வெண்ணெய்னு யாராவது சொன்னாலே எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாங்க மெதெத். வால்கொழுப்பைத் தட்டுல பாத்தா ஜன்னல் வழியா குதிச்சிடுவாங்க. உங்க வீடு எத்தனை மாடி?"

"தரைதான்."

"அதுவரைக்கும் நல்லது. உங்கப்பாகிட்ட பேசு. வேற ஏதாவது ஊட்டச் சொல்லு. கேரட் மாதிரி."

அப்பா ஜுமாதில் பட்டியில் இருந்தார். ஆட்டின் வாலைக் கையால் தூக்கி எடை பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. நான் கேரட்டைப் பற்றிச் சொன்னேன்.

"கேரட்டா? சம்பந்தம் பேச வராங்களா, முயல் வாங்க வராங்களா?"

"அவங்க கொழுப்பு சாப்பிடறதில்லப்பா."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லா இருக்கணும்னுதான்."

"எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா ஒண்ணு. நான் கையால ஊட்டற கொழுப்பை அந்தம்மா வாயில வாங்கினா அவங்க மக எனக்கு மருமக. இல்லைன்னா வந்தவங்களுக்கு டீ கொடுத்து அனுப்பிடுவேன். கேரட் ஊட்டிப் பொண்ணு எடுத்தவன்னு என்னை மலை தாண்டியும் பேசுவானுங்க. நீ படிச்சவன், வேற ஊருக்குப் போயிடுவே. நான் இந்த ஆடுங்க மூஞ்சியில முழிக்கணும்."

ஆக, ரௌஷான் சுல்தானொவ்னா சாப்பிட்டால் இயக்கம் கவிழும். சாப்பிடாவிட்டால் நான் கவிழ்வேன். இதை ஒராகேயிடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். வேறு அர்த்தமும் உண்டு. இந்த முறை யோசித்தார்.

"அந்தம்மா தொடக்க விழாவுல ஒரு பேச்சு பேசினாங்களே, கைதட்டல்கூட விழுந்துச்சே. என்ன அது?"

எனக்கு மனப்பாடம். "'நம் இயந்திரம் ஒருமுறை தொட்டுவிட்டால், அந்தக் கொழுப்பு இனி கொழுப்பே அல்ல!'"

"யாரோட கொழுப்புன்னு சொன்னாங்களா?"

இப்படிப்பட்ட விஷயத்தில் நினைவை நம்பக் கூடாது. அந்தப் பேச்சின் பதிவை மறுபடி போட்டு, முன்னும் பின்னும் கேட்டுப் பார்த்தேன். "சொல்லலை, ஒராகே."

"மனுஷங்களோடதுன்னு சொன்னாங்களா?"

"சொல்லலை."

"அப்புறம் என்னடா? அறுக்கப்போற ஆட்டை முன்னாடியே மிஷின்ல விடு. வால் அப்படியே இருக்கும். கொழுப்பு இருக்காது. அந்தம்மா சபதமும் நிக்கும், உங்கப்பன் மானமும் நிக்கும்."

எங்கள் அலுவலகத்தில் சட்டத்துக்கு மேல் ஒரு படி உண்டு. அதுதான் மேலதிகாரி மேடையில் சொன்னது. நான் அப்பாவின் பட்டியிலிருந்து மிகச் சிறந்த கடாவை ஓட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன்.

சலிமா அக்கா அதை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் பக்கம்? மாடு பக்கமா?"

"பெண்கள் பக்கம்."

"சரி. வயசு?"

"மூணு."

"கல்யாணம் ஆச்சா?"

"அக்கா, காயடிச்ச கடா அது."

"வரவங்க எல்லார்கிட்டயும் கேக்கணும்னு சட்டம் பேசினது நீதானேடா. தொழில்?"

"மேய்ச்சல்."

"உட்கார்ந்து செய்யற வேலையா, நின்னு செய்யற வேலையா?"

"நின்னு."

"நல்லது. சீக்கிரம் குணம் தெரியும்."

வாலிலிருந்த கம்பளியை வழித்தோம். உள்ளே, சத்தியமாகச் சொல்கிறேன், இயக்கத்தின் விளம்பரப் படத்தில் இருப்பது போலவே குழிகுழியாக இருந்தது. எனக்கு முதல்முறையாக இயக்கத்தின் மீது ஒரு நம்பிக்கை வந்தது. அக்கா விசையைத் தட்டினார். கிண்ணம் வாலைக் கவ்வியது. கடா என்னை ஓர் உதை உதைத்தது. உருளைகள் சுழல ஆரம்பித்ததும் இரண்டாவது உதைக்குத் தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தது. கண் பாதி மூடியது. கீழுதடு தொங்கியது. ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. என் அலுவலகத்தில் ஓய்வுபெறும் நாளில் ஒருவர் விட்ட பெருமூச்சு அப்படித்தான் இருந்தது.

மறுநாள் நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. காலையில் மருந்தகத்தைத் திறக்க வந்த சலிமா அக்காவுக்கு முன்பாகவே அது வாசலில் நின்றிருந்தது, பின்புறத்தைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. நாளுக்கு நாள் அதன் பசி கூடியது. வாலில் குழிகள் மறைந்தன. மறைந்ததற்குக் காரணம் வால் உப்பியதுதான் என்று சலிமா அக்கா சொன்னார். சமன்படுத்துவதுதான் நோக்கம், எந்தப் பக்கமாகச் சமன்படுத்த வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை என்று நான் பதில் சொன்னேன்.

அந்த வழுவழுப்பான வால் தெருவில் ஆடி ஆடிப் போவதை ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மருந்தக வாசலில் பெண்கள் வரிசை நின்றது. முன்னால் கூல்சாரா.

"ஆட்டுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?" என்றார்.

"நான் வந்து கூப்பிட்டப்போ நீங்கதானே அக்கா வேண்டாம்னீங்க?"

"அப்ப ஆடு வரலையே! அரசாங்கம் கொடுக்கிறதை எல்லாம் இந்த ஜுமாதில் வீட்டு ஆடே அனுபவிக்கணுமா? அது வால் மினுக்கிக்கிட்டு என் வீட்டு வழியா போறப்ப எங்க வீட்டுக்காரர் திரும்பிப் பாக்கறார்டா!"

"வரிசையில வாங்க அக்கா. உங்களுக்கு முன்னாடி அது."

"எங்களுக்கு முன்னாடியா?"

"அதுதான் முதல் பயனாளி."

ரௌஷான் சுல்தானொவ்னா வந்த நாளில் ஊர் முழுக்கக் கழுவிவிடப்பட்டிருந்தது. தெருக் குழிகளில் தண்ணீர் நிரம்பி, மேலாகப் பார்க்கத் தரை சமமாகத் தெரிந்தது. அவர் மிக ஒல்லியாக, மிக நேராக, ஒரு புகைப்படக்காரரோடு இறங்கினார். பின்னால் மோல்திர். ஒராகே வரவேற்புத் தட்டை நீட்டினார். அதில் எண்ணெயில் பொரித்த பொன்னிற மாவுருண்டைகள்.

"வேண்டாம்" என்றார் ரௌஷான் சுல்தானொவ்னா. தட்டு அவரை அடைவதற்கு முன்பே சொன்னார். ஆனால் தட்டு திரும்பிப் போகும்போது அவர் கண்ணும் கூடவே போய்க் கதவு வரை விட்டுவிட்டு வந்தது. நான் கவனித்தேன். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

என் அப்பா நல்ல தொப்பி போட்டு நின்றிருந்தார். "வாங்க சம்பந்தியம்மா!"

"இன்னும் ஆகலை" என்றார் அவர்.

பின்அறையில் பெண்கள் வரிசையாக, குளிர்காலக் கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நின்றார்கள். வெளியே வெயில்.

"உங்கள் முன்னேற்றத்தைப் பார்வையிட வந்திருக்கிறேன்" என்றார் ரௌஷான் சுல்தானொவ்னா. "யாராவது முன்வந்து காட்டுங்கள்."

கூல்சாரா தொண்டையைக் கனைத்தார். "மேடம், முதல்ல நீங்க உங்களோடதைக் காட்டுங்க. எப்படி இருக்கணும்னு தெரியாம நாங்க எதைக் காட்டறது?"

புகைப்படக்காரர் கூரையைப் படமெடுக்க ஆரம்பித்தார். சலிமா அக்கா திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது.

"முதல் பயனாளியைக் கூப்பிடு!" என்று ஒராகே அலறினார்.

கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. இயந்திரத்தின் நேரம் ஆகிவிட்டது. கடா வரிசையைத் தலையால் பிளந்துகொண்டு வந்து, மாகாணப் பிரமுகரைத் தாண்டிப் போய், வழக்கமான இடத்தில் நின்று பின்புறத்தைத் திருப்பியது.

ரௌஷான் சுல்தானொவ்னா அதைப் பார்த்தார். ஒரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். உள்ளங்கையை எடுக்கவில்லை.

"எத்தனை வாரச் சிகிச்சை?"

"கொஞ்ச வாரம்தான்" என்றார் ஒராகே.

"ஒரு குழிகூட இல்லையே! மாகாணத்திலேயே இப்படி ஒரு விளைவை நான் கண்டதில்லை. நகரத்துப் பெண்கள் வெட்கப்பட வேண்டும்." தன் தோளிலிருந்த நீல நாடாவைக் கழற்றி அதன் கழுத்தில் போட்டார். "இவரை மாகாணத்தின் முன்மாதிரிப் பயனாளியாக அறிவிக்கிறேன்!"

கைதட்டினோம். என் அப்பா மட்டும் கைதட்டவில்லை. இடுப்பில் தீட்டிவைத்த கத்தியோடு நின்றிருந்தவர் மெதுவாக என் காதில் கேட்டார். "அப்ப இதை அறுக்கிறதா வேண்டாமா?"

"மாகாணத்தோட முன்மாதிரியை யாராவது அறுப்பாங்களாப்பா?"

"அப்ப நான் எதைத்தான் ஊட்டறது?"

நல்ல கேள்வி. இயந்திரம் தொட்ட ஆட்டை அறுக்க முடியாது. அறுக்க முடிந்த ஆட்டை இயந்திரம் தொடவில்லை. அப்பா வேறொரு ஆட்டைப் பிடித்தார்.

எங்கள் வீட்டில் விரிப்பு நிறையப் பதார்த்தங்கள். எல்லாரும் உட்கார்ந்தோம். மோல்திர் என் எதிரே, முந்தானை போல வழிந்த தன் சால்வையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பா தட்டைக் கொண்டுவந்தார். வெண்பளிங்கு போல வால்கொழுப்பு, நடுவில் கருஞ்சிவப்பாக ஈரல், மேலே ஆவி. ரௌஷான் சுல்தானொவ்னா ஜன்னலைத் தேடினார். அது சாத்தியிருந்தது. அப்பா ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"வாயைத் திறங்க சம்பந்தியம்மா."

"இன்னும் ஆகலை. ஜுமாதில் அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது கொழுப்பு. நான் தொட மாட்டேன்னு ஊர் அறியச் சொல்லியிருக்கேன். இவர் படம் எடுக்க வந்திருக்கார்."

"நீங்க வாயில வாங்கலைன்னா உங்க பொண்ணு உங்க வீட்டுல, என் பையன் என் வீட்டுல. அதுவும் ஊர் அறியத்தான்."

"ஒரு ஆட்டு வாலுக்காகவா?"

"வால்தான் வாக்கு. உங்க ஊர்ல வேற எதை நம்பறீங்க?"

அவர் எழுந்திருக்கப் போனார். அப்பாவின் கை இறங்கத் தொடங்கியது. மோல்திர் என்னைப் பார்த்தாள். தைரியமாகப் பேசுவது எனக்கு வராது. சந்தேகம் கேட்பது மட்டும்தான் வரும். அதனால் கேட்டேன்.

"மேடம், மன்னிக்கணும். இயந்திரம் ஒருமுறை தொட்டா அது கொழுப்பே இல்லைன்னு தொடக்க விழாவுல சொன்னீங்க. அது உண்மைதானே?"

புகைப்படக்காரர் கருவியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினார். இல்லை என்றால் மாகாணம் முழுக்க வாங்கி இறக்கிய இயந்திரங்கள் எதற்கு? ஆமாம் என்றால் எதிரே தட்டு. ரௌஷான் சுல்தானொவ்னா இரண்டையும் பார்த்தார். தட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"உண்மைதான்" என்றார், உலர்ந்த குரலில்.

"அப்ப கொண்டுவந்துடறேன்."

சலிமா அக்கா இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். ஒராகே எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்தார். சலிமா அக்கா தட்டின் மேல் சுத்தமான துணியை விரித்து, கிண்ணத்தை வைத்து விசையைத் தட்டினார். ப்ரூஊஊக் என்றது. துணி ஓரமாகக் கிடந்த ஒரு துண்டு ஈரல் குழாய்க்குள் ஏறிக் காணாமல் போனது.

"போச்சே!" என்றார் அப்பா.

"ஈரல் கணக்குல இல்ல" என்றார் சலிமா அக்கா. துணியை எடுத்தார். கொழுப்பு முன்பு இருந்தது போலவே இருந்தது, கொஞ்சம் கூடுதல் மினுமினுப்போடு. "முடிஞ்சுது. இனி இது கொழுப்பு இல்லை."

அப்பா ஒரு துண்டை எடுத்தார். ரௌஷான் சுல்தானொவ்னா வாயைத் திறந்தார். மென்றார். மெல்லும் வேகம் குறைந்தது. கண் பாதி மூடியது. கீழுதடு லேசாகத் தொங்கியது. ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சை நான் முன்பே வேறோர் இடத்தில் கேட்டிருந்தேன்.

மோல்திர் சால்வையைத் திருகுவதை நிறுத்தினாள்.

"கொழுப்பு தெரியுதா, மேடம்?" என்று பணிவாகக் கேட்டார் ஒராகே.

"உறுதியாச் சொல்ல முடியலை" என்றார் அவர். "ஆய்வுக்கு ஒரு துண்டு போதாது." இன்னொன்று எடுத்தார். அடுத்ததை எடுக்கும்போது யாரிடமும் காரணம் சொல்லவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா ஊட்ட வேண்டிய முறை வந்தபோது அப்பா தயங்கினார். "மிஷின் பட்டதை நான் தின்னணுமா? சத்தெல்லாம் போயிருக்குமே." வாயில் வாங்கினார், மென்றார். "இல்ல. போகலை."

"சம்பந்தியம்மா!" என்று அப்பா மறுபடியும் அழைத்தபோது, ரௌஷான் சுல்தானொவ்னா உதட்டைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க சம்பந்தி, இன்னும் ஒரு தட்டு இருக்கா?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது மாகாணத்தில் எல்லாருக்கும் தெரியும். விருந்து நடக்கும் இடமெல்லாம் இயந்திரம் வைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. பெண்களின் தொடையைத் தேடிப் போய் அவமானப்படத் தேவையில்லை. கொழுப்பைத் தட்டிலேயே பிடித்து நீக்கிவிடலாம். மருத்துவ வரலாற்றில் இது ஒரு பாய்ச்சல் என்று பேசப்பட்டது. முன்பு ஆளுக்கு ஒரு துண்டோடு கையைத் துடைத்துக்கொண்டவர்கள் இப்போது தட்டுத் தட்டாகச் சாப்பிட்டார்கள். கொழுப்பு இல்லாதபோது எதற்காக நிறுத்த வேண்டும்? வெண்ணெய்க்கு இயந்திரம் காட்டினார்கள். பொரித்த மாவுருண்டைக்குக் காட்டினார்கள். ஒரு வீட்டில் சர்க்கரைக்கும் காட்டியதாகக் கேள்வி. என் அப்பா இயந்திரம் படாத தட்டைக் கையால் தள்ளிவிடுகிறார். "உடம்பைப் பாத்துக்கணும்ல" என்கிறார்.

கூல்சாரா அக்காவின் கோட்டு இப்போது பொத்தான் போட முடியாத அளவுக்கு அழகாக இருக்கிறது. ஒராகே இடுப்பு வாரை விட்டுவிட்டுத் தோள் வாருக்கு மாறினார். தையல்காரர்கள் மட்டும் எல்லா உடைகளையும் பிரித்துப் பிரித்து அகலமாக்கிக்கொண்டிருந்தார்கள். இது துணி சுருங்கும் பிரச்சினை என்று ஜவுளித் துறைக்கு மாற்றிவிட்டோம். எங்கள் மாவட்டத்தின் சாதனை மாகாணத்திலேயே முதலிடம்.

எங்கள் கல்யாணத்துக்கு மாகாணமே வந்தது. ரௌஷான் சுல்தானொவ்னா வந்து உட்கார இரண்டு நாற்காலி சேர்த்துப் போட்டோம். முன்மாதிரிப் பயனாளியையும் மரியாதைக்காக அழைத்திருந்தோம்.

மண்டபத்துக் கதவு திறந்தது. கடா உள்ளே வந்தது.

இயந்திரம் எப்போதும் விருந்துகளில் இருந்ததால், பல மாதமாக அது பூட்டிய மருந்தகத்தின் வாசலிலேயே பின்புறத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மேயப் போகவில்லை. தலையணை போலிருந்த வால் கைக்குட்டை போலத் தொங்கியது. விலா எலும்பு தெரிந்தது. நீல நாடா கழுத்தில் தளர்ந்து தரையைத் தொட்டது.

"ஐயோ பாவமே" என்றார் கூல்சாரா அக்கா, நாலு பேர் கையைப் பிடித்து எழுந்து நின்று. "ஊரே நல்லா இருக்கு. இதுக்கு மட்டும் இந்தத் திட்டம் ஒத்துக்கலை பாருங்க."

எல்லாரும் தலையசைத்தார்கள். தட்டிலிருந்து கை எடுக்காமல்தான் அசைத்தார்கள்.

ரௌஷான் சுல்தானொவ்னா என்னை அருகில் அழைத்தார். "மாப்பிள்ளை, இதை எண்ணிக்கையிலிருந்து எடுத்துடுங்க. பாக்கறவங்க இயக்கத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

மேலதிகாரி, அதிலும் மாமியார். நான் குனிந்து, கவனமாக, அதன் கழுத்திலிருந்த நாடாவை அவிழ்த்தேன். குனிந்ததில் என் கால்சட்டை பின்னால் எங்கோ கிழிந்தது. கடா என்னைப் பார்த்தது. நான் வேகமாக என் இடத்துக்குத் திரும்பினேன். இயந்திரம் அடுத்ததாக என் தட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.